நாலாவது அத்தியாயத்தில் நேர்ந்துவிட்ட மகன்

பொய் சொல்ல உலகத்தில் எத்தனையோ நல்ல இடங்கள் இருக்கின்றன. வயதைக் கேட்கிற இடத்தில் சொல்லலாம். "கிளம்பி பாதி வழி வந்துட்டேன்" என்று குளியலறை வாசலில் துண்டோடு நின்றுகொண்டு போனில் சொல்லலாம். நாத்தனார் வீட்டில் சாம்பாரைப் பற்றிச் சொல்லலாம் (சொல்லியே ஆகவேண்டும்). ஆனால் ஜெபத்தைப் பற்றி, அதுவும் சொந்த ஜெபத்தைப் பற்றிப் புத்தகம் எழுதி, அதற்குள் பொய் சொல்லக்கூடாது. நான் சொன்னேன். அதற்கு வாசகர்கள் என்னை என்ன செய்தார்கள் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். இதில் வருவதெல்லாம் நிஜம்.

முதலில் என்னைப் பற்றி. பெயர் ஜோஸ்பின். வீடு முத்தியால்பேட்டையில். இருபத்தெட்டு வருடம் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அதாவது இருபத்தெட்டு வருடமும் அடுத்தவர் எழுதியதையே அடித்துக்கொண்டிருந்தவள். 'மேற்படி பொருள் தொடர்பாக' என்று ஆரம்பிக்காத ஒரு வாக்கியத்தையாவது கண்ணை மூடுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. ஓய்வு பெற்ற மறுமாதமே உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது கோயிலும் ஜெபமும்தான், அதையே எழுதினேன். 'முழந்தாளில் முப்பது ஆண்டுகள்' என்று பெயரும் வைத்தேன்.

என் வீட்டுக்காரர் அருளப்பன் தலைப்பைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். (அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஏதோ வில்லங்கம் வரப்போகிறது என்று அர்த்தம்.)

"முப்பது வருஷமா முட்டி வலி, முட்டி வலின்னு பூசையில பெஞ்சுலதானே உக்காந்துக்கினு இருந்த? எப்ப முழந்தாள் போட்ட?"

"அது மனசுல போட்ட முழந்தாளு. உங்களுக்குப் புரியாது."

அவர் முதல் அத்தியாயம் படித்துவிட்டு மூடி வைத்துவிட்டார். நாலாவது வரைக்கும் படித்திருந்தாரென்றால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். எனக்கும் பாதி மானம் மிஞ்சியிருக்கும்.

நாலாவது அத்தியாயம் என் மகன் ஜெரோமைப் பற்றியது. அவனுக்கு மூன்று வயதில் டைஃபாய்டு வந்தது. பதினோரு நாள் காய்ச்சல் இறங்கவே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிள்ளை துவண்டு கிடந்தான். பன்னிரண்டாம் நாள் நடுமத்தியானம், டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாதாவிடம் ஒரு நேர்ச்சை செய்தேன். சாயந்திரம் காய்ச்சல் இறங்கிவிட்டது. இவ்வளவும் உண்மை. ஆனால் அன்றைக்கு நான் என்ன சொல்லி நேர்ந்துகொண்டேன் என்பது ஒரு மாதிரியான விஷயம். கொஞ்சம் வெட்கக்கேடும்கூட. அதை உள்ளது உள்ளபடி எழுதிப் படித்துப் பார்த்தேன். உப்பு சப்பில்லாமல் இருந்தது. இதைப் படித்து யார் அழப்போகிறார்கள்? கிழித்துப் போட்டேன். பிறகு கையில் என்ன புகுந்ததோ, இப்படி எழுதினேன்:

'மாதாவே, இவன் பிழைத்தால் இவன் எனக்கு வேண்டாம். இவனை உமக்கே காணிக்கையாக்குகிறேன். என் வாசலில் கல்யாணப் பந்தல் வேண்டாம். உம் பீடத்தில் இவன் பூசை வைக்கட்டும்.'

எழுதி முடித்து நானே அழுதேன். மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி படித்து, மறுபடி அழுதேன்.

இந்த அத்தியாயத்தை எழுதிய அதே வாரம்தான் ஜெரோமுக்குப் பெண் பார்க்கப் போனோம். நம்புங்கள், இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. எழுதும்போது நான் எழுத்தாளர். பெண் பார்க்கப் போகும்போது பையனின் அம்மா. எழுத்தாளர் என்ன எழுதுகிறார் என்று அம்மாவுக்குத் தெரியாது.

பெண் உழவர்கரை. பெயர் ஷைனி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. ஜெரோமுக்கு எங்களைவிட அதிகமாகவே பிடித்துப்போயிற்று. அதுவரை ஆமாம், இல்லை, சாப்பாடு போடு என்ற மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத பையன், மொட்டைமாடிக்குப் போய் மணிக்கணக்கில் போனில் சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கல்யாணப் பத்திரிகையும் புத்தகமும் ஒரே இடத்தில்தான் அச்சாயின. மேட்டுப்பாளையத்தில் காதர் பாய் அச்சகம். பாய் மூன்று தலைமுறையாக அச்சு, பைண்டிங் தொழில் செய்கிறவர். தான் அச்சடிப்பதை ஒரு வரி விடாமல் படிப்பவர். என் முதல் வாசகர் அவர்தான்.

"அம்மா, நாலாவது அத்தியாயம் புரூஃபை வீட்டுக்கு எடுத்துக்கினு போனேன். எங்க வீட்டுக்காரங்க படிச்சுட்டு அழுத அழுகை இருக்கே, சோறு பொங்கி வழிஞ்சு அடுப்பே அணைஞ்சுபோச்சு."

எனக்குப் பூமியில் கால் நிற்கவில்லை.

பாய் தலையைச் சொறிந்தார். "ஒரு சந்தேகம் கேக்கலாமா? தப்பா நினைச்சுக்காதீங்க. நேந்துவுட்டது இந்தத் தம்பியத்தானே? பத்திரிகையிலயும் இந்தத் தம்பி பேருதான் மாப்பிள்ளைன்னு இருக்கு. உங்களுக்கு ரெண்டு புள்ளைங்களா?"

"ஒண்ணுதான் பாய்."

"அப்ப?"

"அது இலக்கியம் பாய். இது பத்திரிகை."

பாய் இரண்டு புரூஃபையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மதிப்புக் கொடுத்திருக்க வேண்டும். ஆண்டவர் எச்சரிக்கை அனுப்பும்போது நம் ஆள் மூலமாகத்தான் அனுப்புவார் என்று ஒன்றும் சட்டம் இல்லையே! எனக்குத்தான் புத்தி வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் புத்தகத்தை வெளியிட்டோம். எண்பது பிரதிகள் அங்கேயே போயின. மறுநாளிலிருந்து ஆரம்பித்தது பாருங்கள் மரியாதை. அன்பியத்துப் பெண்கள் (அதாவது எங்கள் தெருவில் வாரா வாரம் வீட்டுக்கு வீடு கூடி ஜெபிக்கும் கூட்டம்) என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார்கள். ஒரு அம்மா காய்ச்சல் அடிக்கிற பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து "நெத்தியில சிலுவை போடுங்க" என்றார். நான் போட்டேன். (கையை வெட்டவேண்டும்.) "அதான் ஜெரோமுக்கு இருபத்தெட்டு வயசாகியும் கல்யாணம் பண்ணாம வெச்சிருக்கீங்களா! சாமியாருக்குப் படிக்க எந்தக் குருமடத்துல சேரப்போறாரு?" என்று ஒருவர் கேட்டபோதுகூட நான் வானத்தைப் பார்த்து, "ஆண்டவருக்குத் தெரியும்" என்றேன்.

புத்தகம் படிக்காதவர்களும் வாசகர்களாகிவிட்டார்கள். பிள்ளைச்சாவடியிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அஞ்சலை கூடையை இறக்கியதும் என் காலைத் தொட வந்துவிட்டாள்.

"பெத்த புள்ளையவே சாமிக்குக் குடுத்துட்டியாமே தாயி! கோடி வூட்டு அம்மா சொல்லி அழுவுது. எனக்கும் அழுவ வந்துடிச்சி. இந்தா, இந்த வஞ்சிரத்த நீ எடு. உனுக்கில்லாத மீனு யாருக்கு?"

வஞ்சிரத்தையும் வாங்கிக்கொண்டேன்.

புதன்கிழமை உழவர்கரையில் நிச்சயதார்த்தம். இங்கேதான் நான் சரித்திரம் காணாத ஒரு காரியம் செய்தேன். புடவைத் தட்டு, பழத் தட்டு, பூத் தட்டு, இனிப்புத் தட்டு எல்லாம் அடுக்கிவிட்டு, கடைசித் தட்டில் என் புத்தகம் பத்துப் பிரதிகளை, கையெழுத்துப் போட்டு, மேலே ரோஜாப்பூ வைத்து எடுத்துக்கொண்டு போனேன். சம்பந்தி வீட்டார் பணிவோடு வாங்கிக்கொண்டார்கள். அதில் ஒரு பிரதி தாந்த் கைக்குப் போயிற்று.

தாந்த் என்றால் பிரெஞ்சில் அத்தை. ஷைனியின் அப்பாவுக்கு அக்கா. நாற்பது வருடம் பிரான்சில் இருந்துவிட்டு வந்த மனுஷி. சொந்தப் பெயர் என்ன என்று ஊரில் யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் தாந்த். அந்த வீட்டில் தாந்த் சொல்வதுதான் சட்டம். எழுபத்தைந்து வயதில் பூதக்கண்ணாடி வைத்து, சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுப் படிக்கிற ஆள். அப்படிப்பட்ட ஒருவர் கையில் என் புத்தகத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். விதி என்று சொல்லமாட்டேன். கொழுப்பு.

அடுத்த ஞாயிறு எங்கள் கோயிலில் முதல் ஓலை. எங்களில் கல்யாணம் என்றால், அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மணமக்கள் பெயரை வாசிப்பார்கள். "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் யாருக்காவது தெரிந்தால் பங்குச் சாமியாருக்குத் தெரிவிக்கவும்" என்று முடியும். எனக்குத் தெரிந்து இதுவரை ஒருத்தரும் எதையும் தெரிவித்ததில்லை. ஓலை வாசிக்கும் நேரத்தில் ஜனங்கள் செருப்பைத் தேடுவார்கள்.

அன்றைக்கு யாரும் செருப்பைத் தேடவில்லை. "முத்தியால்பேட்டை அருளப்பன், ஜோஸ்பின் இவர்களுடைய மகன் ஜெரோமுக்கும்..." என்று உபதேசியார் வாசித்ததுதான் தாமதம், கோயில் மொத்தமும் திரும்பியது. எண்பது பிரதி என்றால் குறைந்தது முந்நூறு வாசகர்கள். அத்தனை பேர் வாயும் திறந்திருந்தது. நெற்றியில் சிலுவை போடச் சொன்ன அம்மா பேரப்பிள்ளையின் நெற்றியை முந்தானையால் அழுத்தித் துடைத்தார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம், "மாதாவுக்கே அல்வா குடுத்துட்டாங்கய்யா!" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஜெரோம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனான். (புத்தகம் படிக்கிற ரகமே இல்லை அவன்.) அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தான். முகம் பேயறைந்தமாதிரி இருந்தது.

"ஆட்டுக்குட்டிய நேந்துவுடற மாதிரி என்னை நேந்துவுட்டுட்டியேமா! ஒரு வார்த்த சொல்லலியே."

அவன் அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "இவ எப்ப இப்பிடி வேண்டினா? பக்கத்துலயே நான்தானே நின்னுக்கினு இருந்தேன்?"

"மனசுக்குள்ள வேண்டினேன்" என்றேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இப்போது கேட்டால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது. ஆயுளில் முதல்முறையாக நான் எழுதியதைப் படித்து நாலு பேர் அழுதிருக்கிறார்கள். அந்தப் பெருமையை விட மனசு வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

மறுநாள் காலையில் ஷைனியின் அப்பா போன் செய்தார். குரலே சரியில்லை. தாந்த் புத்தகத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, ஆட்டோ பிடித்து எங்கள் பங்குச் சாமியாரிடமே நேரில் போய், இந்தக் கல்யாணத்துக்குத் தடை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். சாட்சிக்கு என் கையெழுத்துப் போட்ட புத்தகம். "எங்களுக்கும் பயமா இருக்கு சம்பந்தி. சாமி காரியம் பாருங்க. வியாழக்கிழமை பத்து மணிக்கு ரெண்டு வீட்டையும் வரச் சொல்லியிருக்காரு" என்றார்.

அந்த மூன்று நாளும் ஜெரோம் மாடிக்குப் போகவில்லை. போன் மேசைமேல் கிடந்தது. புதன்கிழமை சாயந்திரம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மா, நான் வேணும்னா குருமடத்துக்கே போயிடட்டுமா? நான் சாகக் கெடந்தப்ப நீ வாக்குக் குடுத்திருக்க. அதை மீறிட்டு நான் எப்பிடிச் சந்தோஷமா இருக்கறது? ஷைனியும் அழுதுக்கினே இருக்கா."

கீரையும் தண்டும் ஒன்றாகக் கலந்து போட்டேன். என் பிள்ளை, நான் ஜோடித்த ஒரு பொய்யை நம்பி, ஆசைப்பட்ட பெண்ணை விட்டுவிடத் துணிந்துவிட்டான். என்னைப் போன்ற பாவி உலகத்தில் உண்டா! அப்போதும் வாயைத் திறந்தேனா? "நாளைக்குச் சாமியாரு ஏதாவது வழி சொல்லுவாருப்பா" என்று சொல்லிவிட்டுக் கீரையை அடுப்பில் வைத்தேன். அன்று அதை யாரும் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை. பங்கு அலுவலகம். ஒரு பக்கம் நாங்கள் மூன்று பேர். எதிர்ப்பக்கம் ஷைனி, அவள் அப்பா, நடுவில் தாந்த். ஷைனியின் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. தாந்த் மடியில் என் புத்தகம். ஒவ்வொரு பக்கத்திலும் காகிதத் துண்டு சொருகி, பன்னிரண்டாம் வகுப்புப் பாடப்புத்தகம்போல் ஆகியிருந்தது.

பங்குச் சாமியார் சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நேர்ச்சைங்கறது நேர்ந்தவங்களத்தான் கட்டும். அம்மா நேர்ந்தது மகனைக் கட்டாது. திருச்சபைச் சட்டப்படி இந்தக் கல்யாணத்துக்குத் தடை இல்ல" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. ஒரே ஒரு மூச்சுதான்.

"மோன் தியே! என் ஆண்டவரே!" என்றார் தாந்த். "சட்டத்துல தடை இல்லன்னா மாதாவுக்கு ஞாபகம் இல்லாம போயிடுமா சாமி? நடு நெஞ்சுலேருந்து கேட்டிருக்கா. மாதாவும் புள்ளையத் திருப்பிக் குடுத்திருக்காங்க. வாங்கிக்கினு இப்ப கல்யாணம் பண்றேங்கறா! மாதாவுக்குக் குடுத்த பொருள்ல கை வெச்சவங்க நல்லா இருந்ததா நான் பாத்ததில்ல. நாளைக்கு எங்க பொண்ணுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? நான் சம்மதிக்க மாட்டேன். கேளுங்க, பக்கம் அறுபத்திநாலு."

என்று சொல்லி, பூதக்கண்ணாடியை எடுத்து, நான் எழுதியதைச் சத்தமாக வாசித்தார். என்ன குரல்! என்ன ஏற்ற இறக்கம்! 'என் வாசலில் கல்யாணப் பந்தல் வேண்டாம்' என்ற இடத்தில் நிறுத்தி, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். அந்த நிலைமையிலும் 'நன்றாகத்தான் எழுதியிருக்கிறோம்' என்று ஒரு நினைப்பு உள்ளே ஓடியதை மறைக்க விரும்பவில்லை.

சாமியார் யோசித்தார். "சரி, உங்க மன நிம்மதிக்கு ஒண்ணு செய்யலாம். சொந்த நேர்ச்சைய வேற நல்ல காரியமா மாத்திக் குடுக்கப் பங்குச் சாமியாருக்கு அதிகாரம் இருக்கு."

"வேளாங்கண்ணிக்கு நடந்து போகட்டும்" என்றார் தாந்த் உடனே. "செருப்பு இல்லாம."

"போறேன்!" என்றேன். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். என் முட்டிக்கு மார்க்கெட் வரைக்கும் நடந்தாலே அன்று முழுக்கத் தைலம் தேய்க்க வேண்டும். இருந்தாலும், செய்யாத நேர்ச்சைக்குப் பரிகாரமாக வெறுங்காலோடு வேளாங்கண்ணிக்குப் போவேனே தவிர, பொய் எழுதினேன் என்று வாயால் சொல்லமாட்டேன். அப்படி ஒரு எழுத்தாளர் நான்.

"இருங்கம்மா" என்றார் சாமியார். "மாத்தறதுக்கு முன்னாடி நேர்ச்சை என்னன்னு சரியாத் தெரியணும். இதுல இருக்கறது அப்படியே நீங்க அன்னிக்கு மாதாகிட்ட சொன்ன வார்த்தைதானா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் பக்கத்தில் ஜெரோம் ஷைனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஷைனி அவனைப் பார்க்காமல் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வயதில் அந்தக் கட்டிலில் கிடந்தபோது இருந்த முகம் அப்படியே என் பிள்ளைக்கு வந்துவிட்டது.

"இல்ல சாமி. பொய்யி" என்றேன்.

"என்ன?"

"பொய் சாமி. அப்பிடி நான் வேண்டவே இல்ல. அழகா இருக்கட்டும்னு எழுதிட்டேன்."

முதலில் பேசியவர் தாந்த்.

"பொய்யா? நான் மூணு தடவ அழுதேன்! இப்ப வாசிக்கும்போதுகூட அழுதேன்! அதெல்லாம் என்ன கணக்கு?"

"மன்னிச்சிடுங்க தாந்த்."

"அப்ப அன்னிக்கு என்னதான் வேண்டினீங்க?" என்றார் சாமியார்.

அந்தக் கேள்வி வரக்கூடாது என்றுதானே இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்! தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். "புள்ள பொழைச்சா, இனிமே என் மாமியார எதிர்த்துப் பேசமாட்டேன்னு வேண்டிக்கினேன் சாமி."

என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றவில்லை. நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"ஒம்போது நாளு! சாமி, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆஸ்பத்திரியிலேருந்து வந்து ஒம்போது நாளு இவ எங்கம்மா என்ன சொன்னாலும் 'சரிங்கத்தே, சரிங்கத்தே'ன்னா. ஆஸ்பத்திரி அலைச்சல்ல இவளுக்கு மூளைக்கு ஏதாவது ஆயிடிச்சோன்னு நான் டாக்டர்கிட்ட கேக்கக்கூடப் போனேன். பத்தாம் நாளு ரசத்துல பெருங்காயம் ஜாஸ்தின்னு எங்கம்மா ஒரு வார்த்த சொன்னாங்க. அவ்வளவுதான், பழையபடி ஆரம்பிச்சுட்டா. நான் நிம்மதியாத் தூங்கினேன்."

களுக்கென்று ஒரு சத்தம். ஷைனிதான். மூன்று நாள் அழுத கண்ணோடு, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். ஜெரோமும் சிரித்தான். சாமியார் மேசை டிராயரைத் திறந்து எதையோ தேடுவதுபோல் அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டார். எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. அதே சமயம், அந்தப் பெண் சிரித்ததைப் பார்த்ததும் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. இந்த முறை நிஜ அழுகை.

தாந்த் மட்டும் சிரிக்கவில்லை. "சிரிங்க, சிரிங்க. ஒம்போது நாளோட நிறுத்தியாச்சு இல்ல? அப்ப நேர்ச்சை இன்னும் பாக்கிதானே?"

"மாமியார்தான் செத்து ஏழு வருஷம் ஆச்சே" என்றேன்.

"செத்துட்டா விட்டுடுவாங்களா மாதா?"

சாமியார் டிராயரிலிருந்து முகத்தை எடுத்தார். அதற்குள் ஷைனி, முதல்முறையாக வாய் திறந்து, மிகவும் பவ்வியமாக, "சாமி, ஆளு மாத்திக் குடுக்கலாமா?" என்றாள்.

"என்னம்மா?"

"இல்ல சாமி, மாமியார்தான் இல்லியே. மருமக இருக்கேன்ல."

சாமியார் நிமிர்ந்து உட்கார்ந்து, திருச்சபை தமக்களித்த அதிகாரத்தைக் கொண்டு, மாமியாரை எதிர்த்துப் பேசுவதில்லை என்ற என் நேர்ச்சையை மருமகளை எதிர்த்துப் பேசுவதில்லை என்று மாற்றிக் கொடுத்தார். ஆயுளுக்கும்.

"அது எப்பிடி சாமி? நான் வேண்டினது மாமியாருக்குத்தானே, மருமகளுக்கு நான் எதுக்கு..."

"பாருங்க, ஆரம்பிச்சுட்டா" என்றார் என் வீட்டுக்காரர்.

தாந்த் பூதக்கண்ணாடியை உறைக்குள் போட்டு, "வுவாலா! அவ்வளவுதான். இப்ப எனக்குச் சம்மதம்" என்றார்.

கல்யாணம் நடந்தது. ஆனால் சாமியார் இன்னொன்றும் சொல்லியிருந்தார். வாசகர்களிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டுமாம். காதர் பாயிடம் போய் ஒரு சின்னச் சீட்டு அச்சடித்து, வாங்கிய எண்பது பேருக்கும் வீடு தேடிப்போய்க் கொடுத்து, மிச்சப் பிரதிகளிலும் ஒட்டினேன். 'பிழைதிருத்தம். பக்கம் 64: "இவன் எனக்கு வேண்டாம். இவனை உமக்கே காணிக்கையாக்குகிறேன்" என்பதை, "என் வாய் எனக்கு வேண்டாம். அதை உமக்கே காணிக்கையாக்குகிறேன்" என்று திருத்தி வாசிக்கவும். கல்யாணப் பந்தல், பூசை பற்றிய வரிகளை அடித்துவிடவும். நடந்தது முழுவதையும் நேரில் கேட்டால் சொல்லப்படும்.'

கேட்டார்கள். எண்பது வீட்டிலும் கேட்டார்கள். சிலருக்குக் கோபம். ஒருவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். அன்பியத்தில் ஒரு அம்மா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. ஆனால் மற்றவர்கள் உட்காரவைத்துக் காபி கொடுத்து, மாமியார் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். கேட்டுவிட்டுத் தங்கள் மாமியார் கதையைச் சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள், இரண்டு பேர் நிஜமாகவே அழுதார்கள். காதர் பாய் சீட்டை அச்சடித்துவிட்டு, "அம்மா, இதையே முதல்ல எழுதியிருக்கலாமே. எங்க வீட்டுக்காரங்க உங்க மாமியார் கதையக் கேட்டுட்டு எங்கம்மா போட்டோவப் பாத்துக்கினு ரொம்ப நேரம் நின்னாங்க" என்றார். எனக்கு எழுத்தைப் பற்றிக் கிடைத்த ஒரே விமர்சனம் அதுதான்.

அஞ்சலையிடமும் சொன்னேன். வஞ்சிரத்துக்குப் பதில் சொல்லவேண்டுமே. அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னா தாயி சொல்ற? மருமவள எதிர்த்து ஒரு வார்த்த பேசக்கூடாதா? ஆயுசுக்குமா? இதுக்குப் புள்ளையவே குடுத்திருக்கலாமே!"

இதெல்லாம் நடந்து நாலு வருடம் ஆகிறது. ஷைனி எங்களோடுதான் இருக்கிறாள். தங்கமான பெண். (வேறு மாதிரி எழுத எனக்கு அனுமதியில்லை.) நான், "இல்லம்மா, அது அப்பிடி இல்ல" என்று ஆரம்பிக்கும்போதே எந்த அறையிலிருந்தாவது என் வீட்டுக்காரர் குரல் வரும். "பக்கம் அறுபத்திநாலு!" ஜெரோமும் அதையே சொல்வான். வருகிற விருந்தாளிகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். மூன்று வயதுப் பேத்திக்குப் பத்து வரைக்கும் எண்ணத் தெரியும். பத்துக்கு மேல் தெரிந்த ஒரே எண் அறுபத்திநாலு. பேச்சை நிறுத்து என்பதற்குத் தமிழில் அதுதான் வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கொஞ்சம் நீண்டுவிட்டது. நாற்பது நிமிஷம் ஆகியும் சாமியார் முடிப்பதாக இல்லை. குழந்தை பெஞ்சின்மேல் ஏறி நின்று, பீடத்தைப் பார்த்துக் கையை நீட்டி, கோயில் அதிரக் கத்தினாள்.

"பக்கம் அறுபத்திநாலு!"

அந்தக் கோயிலில் அந்தப் பக்கத்தைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. சாமியாரும் சிரித்து, ஆமென் சொல்லி முடித்துவிட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "ஐயோ, நான் சொல்லிக்குடுக்கல, இவங்க தாத்தாதான்..." என்று எழுந்தேன். "அத்தே, உக்காருங்க" என்றாள் ஷைனி.

உட்கார்ந்தேன்.